யார் கொடுக்கிற குடியுரிமை?

அத்தியாயம் 14

காலிங் பெல் அடித்ததோடு போன வாரம் நிறுத்திவிட்டேன் என்று கோபித்துக்கொண்டவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். வாசலில் நின்றது போலீஸும் இல்லை, கூரியர்காரரும் இல்லை. டிரைவரின் கணவர்தான், கையில் ஒரு பெட்டியோடு.

வீட்டை விட்டுப் போய் ஒன்றரை வருஷமாகிறது. அதற்கப்புறம் இந்த வாசலை அவர் மிதிப்பது இன்றுதான். போகும்போது தூக்கிக்கொண்டு போன அதே நீலப் பெட்டிதான். அன்றைக்கு அது பிதுங்கி வழிந்தது. இன்றைக்கு ஒற்றை விரலில் தொங்கியது. தங்க வந்தவர் பெட்டி இல்லை அது, தங்குவதாகக் காட்ட வந்தவர் பெட்டி.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நம் டிரைவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்தவள். கணவர் லிஃப்ட் மெக்கானிக், இந்த நாட்டுக் குடிமகன். ‘குடிமகனின் மனைவி’ என்ற அனுமதியில்தான் அவள் இங்கே இருக்கிறாள், வண்டி ஓட்டுகிறாள். குடியுரிமை கேட்டு மனுப் போட்டதும் மனைவி என்ற வழியில்தான். அப்போது இருவரும் ஒன்றாகத்தான் இருந்தார்கள். மனு அலுவலகத்தில் தூங்கிப்போனது. அது தூங்கிய நேரம் பார்த்து, கணவர் மருந்துக்கடையில் வேலை செய்கிற ஒருத்தியோடு ஊரின் மறுகோடியில் குடித்தனம் வைத்துவிட்டார்.

இப்போது மனு கண் திறந்திருக்கிறது. இன்று பதினொரு மணிக்குக் கணவன் மனைவி இருவருக்கும் நேர்காணல். சேர்ந்துதான் வாழ்கிறீர்களா என்று கேட்பார்கள். இல்லை என்றால் மனு போச்சு, மனைவி என்ற அனுமதியும் போச்சு. பதினைந்து வயது மகள் இங்கேயே பிறந்தவள், அவளை யாரும் அசைக்க முடியாது. அம்மாவை அசைக்கலாம்.

“வாசல்லயே நிக்காத, உள்ள வா. செருப்பை ஸ்டாண்டுல வைடா. அங்க இல்ல, அவ செருப்புக்குப் பக்கத்துல” என்றாள் நாத்தனார்.

நாத்தனார் என்றால் கணவரின் அக்கா. வீடு அவளுடையது. பல் டாக்டர் கிளினிக்கில் ரிசப்ஷனிஸ்ட். வாயைத் திறக்கவைப்பது டாக்டர் வேலை என்றால், பயந்து வந்தவர்களை ஓடிப்போகாமல் உட்காரவைப்பது இவள் வேலை. தம்பி வெளியே போன அன்றைக்கு, “நீ எங்கயும் போக வேண்டாம், இது என் வீடு” என்று தம்பி மனைவியையும் குழந்தையையும் நிறுத்திக்கொண்டவள். இன்றைய நாடகத்துக்கு டைரக்டரும் அவளேதான்.

தம்பியின் சட்டைகளைத் தேய்த்து அலமாரியில் தொங்கவிட்டாள். குளியலறையில் ஷேவிங் கிரீமை வைத்து, புதுசாகத் தெரியக் கூடாது என்று கொஞ்சம் பிதுக்கியும் விட்டாள். வீட்டுக்கே வந்து பார்த்தாலும் பார்ப்பார்களாம். பிறகு இருவரையும் சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்காரவைத்தாள்.

“காலையில இவன் என்ன குடிப்பான்?”

“காப்பி. ரெண்டு ஸ்பூன் சர்க்கரை” என்றாள் டிரைவர்.

கணவர் தொண்டையைக் கனைத்தார். “இப்பல்லாம் சர்க்கரை போடறதில்ல.”

“ஓகோ. மருந்துக்கடையில வேண்டாம்னுட்டாங்களா?” என்று கேட்டாள் மகள். வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். பெயரை அவள் ஒரு நாளும் கெடுத்துக்கொண்டதில்லை.

“நீ ஸ்கூலுக்குக் கிளம்புடி” என்றாள் நாத்தனார். “அடுத்தது. கட்டில்ல யார் எந்தப் பக்கம்?”

பொய்க் கல்யாணம் செய்துகொண்டவர்கள் இப்படி உட்கார்ந்து ஒத்திகை பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். ஊரறியக் கல்யாணம் செய்து, பிள்ளையும் பெற்றவர்கள் ஒத்திகை பார்த்த கண்றாவி இந்தச் சமையலறையில்தான் நடந்தது. டிரைவருக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிவைத்த டம்ளரையே மறுபடி கழுவினாள்.

“என்னம்மா நீ, இவ்வளவு கஷ்டப்படற?” என்றாள் வாயாடி, ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டே. “நான் பொறந்தே வாங்கிட்டேன். அப்பா தூங்கியே வாங்கினாரு. அத்தை பரீட்சை எழுதி வாங்கினாங்க. ஒரே வீட்ல எத்தனை வழி பாரு. நீதான் பாக்கி.”

தூங்கியே வாங்கினார் என்பது சும்மா கேலி இல்லை. இவர்களுடைய அப்பா இந்த நாட்டில் பிறந்து, சின்ன வயதிலேயே வெளியே போனவர். பிள்ளைகள் வெளிநாட்டில் பிறந்தாலும், அப்பா வழியில் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது, பதினெட்டு வயதுக்குள் என்றால். அப்பா இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தபோது தம்பிக்குப் பன்னிரண்டு. அலுவலக பெஞ்சில் அக்கா மடியில் தலைவைத்துத் தூங்கினான், எழுந்தபோது குடிமகன். அக்காவுக்குப் பதினெட்டு முடிந்து அப்போதுதான் சில வாரம் ஆகியிருந்தது. அவளுக்குக் கதவு சாத்தியாகிவிட்டது.

அதே அப்பா, அதே அம்மா. ஆனால் அக்கா வருஷக்கணக்காக அனுமதியைப் புதுப்பித்துப் புதுப்பித்து இருந்து, மொழிப் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டைவிட்டு, மூன்றாம் தடவை தேறி, நூறு பேரோடு ஒரு ஹாலில் வலது கையைத் தூக்கிச் சத்தியப் பிரமாணம் எடுத்துத்தான் குடிமகள் ஆனாள். தம்பி அன்றைக்கு வாழ்த்துச் சொல்லக்கூட வரவில்லை. லிஃப்ட் எங்கேயோ மாட்டிக்கொண்டதாம்.

*

அலுவலகத்துக்குப் பஸ்ஸில்தான் போனார்கள். அதுவும் டிரைவர் தினமும் ஓட்டுகிற தடம். இன்றைக்கு வேறொருவர் ஓட்டினார். கண்ணாடியில் இவளைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொன்னார். பிரயாணியாக உட்கார்ந்திருந்தாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் இவள் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது.

நாத்தனார் முன்சீட்டில். கணவன் மனைவி ஒரே சீட்டில். சேர்ந்து உட்கார்ந்தே பழக வேண்டுமென்பது டைரக்டர் உத்தரவு.

“பயப்படாத” என்றார் கணவர். செண்ட் வாசனை தூக்கியது. “நான் பேசிக்கறேன். நீ தலையாட்டினாப் போதும்.”

“ம்.”

“குடுக்கறேன்னா குடுத்துடுவேன். எனக்கும் மனசாட்சி இருக்கு. உன்னை நடுத்தெருவுல விட மாட்டேன்.” கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வந்தார். “இது கைக்கு வந்த உடனே விவாகரத்துல கையெழுத்துப் போட்டுடு. தகராறு பண்ணாம. நான் உனக்கு ஒரு நாட்டையே குடுக்கறேன், பதிலுக்கு ஒரு கையெழுத்து. அவ்வளவுதானே?”

டிரைவர் அவரைத் திரும்பிப் பார்த்தாள். விவாகரத்து என்ற வார்த்தை அவளைச் சுடவில்லை. அது ஒரு நாள் வரும் என்று எப்போதோ தெரியும். குடுக்கறேன் என்ற வார்த்தைதான் சுட்டது. தன் சட்டைப் பையில் மடித்து வைத்திருக்கிற மாதிரியல்லவா பேசுகிறார்!

“கையெழுத்து வேணும்னா இன்னிக்கே போடறேன். அதுக்கு விலை எதுவும் வேண்டாம்” என்றாள்.

“அட, இப்ப வேண்டாம். மொதல்ல நீ ஜெயிக்கணும்” என்று அவர் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

*

நேர்காணல் அறை சின்னது. ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு டிஷ்யூ டப்பா. அதிகாரி நடுவயதுப் பெண்மணி, கடும் ஜலதோஷம். நாத்தனாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

கல்யாணத் தேதி, மகள் பிறந்த ஆஸ்பத்திரி, வீட்டு விலாசம் எல்லாம் சரளமாகப் போயிற்று. எல்லாவற்றுக்கும் கணவரே பதில் சொன்னார். நடுவில் ஒரு ஜோக்கும் அடித்தார். அதிகாரி சிரிக்காமல் மூக்கைச் சிந்தினார்.

“இப்ப ரெண்டு பேரும் ஒரே வீட்லதான் சேர்ந்து இருக்கீங்களா?”

“ஆமா மேடம்” என்றார் கணவர்.

“நான் உங்களைக் கேக்கல. அம்மா, நீங்க சொல்லுங்க.”

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். மகளோடு இருக்கலாம், வண்டி ஓட்டலாம், யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. ஆனால் செத்துப்போகிற வரைக்கும் இந்த மனுஷன் போகிற இடத்திலெல்லாம் நான்தான் கொடுத்தேன் என்று சொல்லிக்கொண்டு திரிவார். இல்லை என்று சொன்னால் எல்லாமே போகலாம், மகளையும் சேர்த்து. டிரைவர் அதிகாரியை நேராகப் பார்த்தாள்.

“இல்லைங்க. இவர் வீட்டை விட்டுப் போய் ஒன்றரை வருஷம் ஆச்சு. இன்னிக்குக் காலையிலதான் பெட்டியோட வந்தார்.”

கணவருக்கு முகம் செத்துப்போயிற்று. ஒரே நிமிஷம்தான், மறுபடி சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டார். “வீட்ல சின்னச் சண்டை மேடம். எந்த வீட்லதான் இல்ல? கோவத்துல வாய்க்கு வந்ததைப் பேசறா.”

“எனக்குக் கோவம்தான். ஆனா பேசறது உண்மை.”

“பைத்தியமாடி உனக்கு?” அவர் குரல் தாழ்ந்தது. “உனக்கு நல்லது பண்ண வந்தேன் பாரு. மேடம், இவ இங்க வந்தப்ப இவளுக்கு ஒண்ணும் தெரியாது. இந்த வாழ்க்கையே நான் போட்ட பிச்சை.”

டிரைவர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

“என்ன போட்டீங்க? விடியறதுக்கு முன்னாடி டிப்போவுக்கு நடந்தது யாரு? இந்த ஊர் பாஷையில லைசென்ஸ் பரீட்சை எழுதினது யாரு? எந்தத் தெருவுல பள்ளம், எந்த ஸ்டாப்புல எந்தப் பெரியவர் கம்பு ஊனி ஏறுவார், எங்க நின்னு நிதானிக்கணும், எல்லாம் எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா? என் சம்பளத்துல வரி போகுது. என் பொண்ணு இங்க படிக்கிறா. நீங்க கூட்டிட்டு வந்தீங்க, இல்லைங்கல. ஆனா இருந்தது நான். இத்தனை வருஷமும் இங்க இருந்தது நான்!”

அதிகாரி கையைத் தூக்கினார். “போதும். ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றீங்க. அம்மா பொய் சொன்னா இனிமே எந்த வழியில மனுப் போட்டாலும் நிக்காது. ஐயா பொய் சொன்னா அது வழக்கு. வீட்டுச் சொந்தக்காரங்க வெளிய இருக்காங்கன்னு சொன்னீங்க இல்ல? கூப்பிடுங்க.”

நாத்தனார் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

“அக்கா, சொல்லுக்கா” என்றார் தம்பி. அவர் குரலில் பழைய தைரியம் திரும்பியிருந்தது. “நான் நம்ம வீட்லதானே இருக்கேன்? இவளுக்கு நான் குடியுரிமை குடுக்கலாம்னு வந்தா, இவ என்னவோ உளர்றா.”

நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். தம்பி மனைவியைப் பார்த்தாள். காலையிலிருந்து சட்டை தேய்த்தவள் அவள்தான். பொய் சொல்ல வேண்டும் என்றுதான் கிளம்பியும் வந்திருந்தாள். இந்தப் பெண்ணும் குழந்தையும் வீட்டை விட்டுப் போய்விடக் கூடாதே என்ற பயம்தான் காரணம். ஆனால் ‘குடுக்கலாம்னு வந்தா’ என்ற வார்த்தை அவளை எங்கேயோ பிடித்துக்கொண்டது.

“குடுக்கறதா? நீயா?” என்றாள். “உனக்கே அது யார் குடுத்ததுன்னு தெரியுமாடா? என் மடியில தூங்கிட்டிருந்த. எழுப்பி, இந்தா நீ குடிமகன்னு சொன்னாங்க. மிட்டாய் கேட்டு அழுத.”

“அக்கா, அதெல்லாம் எதுக்கு இப்ப...”

“எனக்கு அப்படிக் கிடைக்கல. நான் கையைத் தூக்கி, பொய் சொல்ல மாட்டேன், சட்டத்துக்குக் கட்டுப்படறேன்னு நூறு பேர் முன்னாடி சொல்லி வாங்கினேன். உனக்குச் சத்தியம் பண்ற வேலையே இல்ல. எனக்கு உண்டு.” அதிகாரி பக்கம் திரும்பினாள். “இவன் என் கூடப் பொறந்த தம்பி மேடம். என் வீட்ல இல்ல. இவ என் வீட்லதான் இருக்கா. காலையில இவன் சாமானை அங்கங்க வெச்சது நான். அதுக்கு என்ன தண்டனையோ எனக்குக் குடுங்க.”

அதிகாரி தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். “இங்க உண்மையைச் சொல்லிட்டீங்க. அதைத்தான் எழுதறேன்” என்றார். பிறகு கணவரிடம், “நீங்க சொன்னதையும் எழுதியிருக்கேன். உங்களுக்குத் தனியா அழைப்பு வரும்” என்றார்.

கணவர் கதவை அறைந்து சாத்தப் பார்த்துவிட்டுப் போனார். அறைந்து சாத்த முடியாத கதவு அது. மேலே ஸ்பிரிங் மாட்டியிருந்தது. மெதுவாகத்தான் மூடிக்கொண்டது. லிஃப்ட் மெக்கானிக்குக்கூட அது தெரியவில்லை.

*

“மனைவிங்கற வழி மூடியாச்சு” என்றார் அதிகாரி. ஆறுதலாகவும் சொல்லவில்லை, அதட்டலாகவும் சொல்லவில்லை. “அந்த அனுமதி மூணு மாசம் ஓடும். அதுக்குள்ள உங்க டிப்போ எழுதிக் குடுத்தா வேலைங்கற அடிப்படையில மாத்திக்கலாம். எழுதலைன்னா நீங்க கிளம்பித்தான் ஆகணும்.”

“எழுதினா?”

“எழுதினா, வசிப்புங்கற வழி இருக்கு. நீங்க இங்க இருந்த வருஷங்களே அதுக்குப் போதும். மொழிப் பரீட்சை உண்டு. சொந்தக்காரங்க இல்லாத ரெண்டு குடிமக்கள், உங்களை நல்லாத் தெரியும்னு வந்து சொல்லணும். முடியுமா?”

டிப்போ மேலாளர் எழுதுவாரா? லீவு கேட்டாலே வானத்தைப் பார்க்கிற மனுஷன். டிரைவருக்குத் தெரியவில்லை. ஆனால் வாய் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டது.

“முடியும்.”

“அப்ப நாலாம் நம்பர் கவுன்டர். இன்னிக்கே பதிஞ்சுட்டுப் போங்க.”

வெளியே வந்ததும் நாத்தனார் நடைபாதை பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். அழுகை வந்துவிட்டது. “எனக்குன்னு இருந்தது அவன் ஒருத்தன். அவனையே மாட்டிவிட்டுட்டேன்.”

“நாங்க ரெண்டு பேர் இருக்கோம் அண்ணி” என்றாள் டிரைவர்.

“இருக்கணும்னுதான்டி சொன்னேன். அந்த டிப்போக்காரன் எழுதலைன்னா அவன் பல்லு ஒண்ணுகூட இருக்காது, பாத்துக்கோ” என்று நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள்.

அப்போதுதான் எதிர் வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து வந்தாள். வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கையில் மடித்து வைத்திருந்தாள். இன்னொரு கையில் டோக்கன். டிரைவருக்கு அவளை அடையாளம் தெரிந்தது. தெரியாமல் என்ன? தன் பஸ்ஸிலேயே ஏறி இறங்கிய முகம்தானே.

“இவளா!” நாத்தனார் எழுந்துவிட்டாள். “இங்கயும் வந்துட்டியா?”

“அக்கா, ஒரே ஒரு கேள்வி...” என்றாள் மருந்துக்கடைக்காரி.

“அக்கான்னு கூப்பிடாதீங்க” என்றாள் டிரைவர். “என்ன வேணும்?”

“உங்க விவாகரத்து முடிஞ்சு ரொம்ப நாள் ஆச்சுன்னு சொன்னார். இன்னிக்கு இங்க வர்றதே என் மனு விஷயமாத்தான்னு சொல்லிட்டுக் கிளம்பினார்.” டோக்கனை விரலில் சுற்றினாள். “இப்ப நீங்க எல்லாரும் ஒரே ரூம்லேர்ந்து வர்றீங்க. அவர் என்னைப் பாத்ததும் அந்தப் பக்கமாப் போயிட்டார்.”

“உங்க மனுவா? நீங்க இந்த நாட்டு ஆள் இல்லையா?”

“இல்ல. கல்யாணம் பண்ணிக்கிட்டு எனக்குக் குடியுரிமை குடுக்கறேன்னுதான் சொல்லியிருக்கார்.”

டிரைவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. ஒன்றரை வருஷமாகச் சிரிக்காத சிரிப்பெல்லாம் சேர்ந்து வந்தது. ஒரே பொருளை எத்தனை பேருக்குத்தான் கொடுப்பார் மனுஷன்! நாத்தனார் பயந்துபோய் அவள் தோளைப் பிடித்தாள்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள் டிரைவர். கோபம் போய்விடவில்லை. அது அப்படியேதான் இருந்தது.

“உங்களை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க. அது வேற பேச்சு, இன்னொரு நாள் வெச்சுக்கலாம்” என்றாள். “எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?”

“ஏழு.”

“வேலை அனுமதி யார் பேர்ல?”

“என் பேர்லதான்.”

“அப்புறம் அவர் எதுக்கு உங்களுக்கு?” டிரைவர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “நாலாம் நம்பர் கவுன்டர். வரிசை நீளமா இருக்கு. எனக்குப் பின்னாடி நில்லுங்க.”